ஹாஜரம்மாவுக்கு வந்த சொல்

இப்ராஹீம் நபியின் ஏடுகள் திரும்பக் கிடைத்துவிட்டன என்ற செய்தி வந்தபோது நான் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். வேதம் வந்திருக்கிற போனை இறால் கையோடு தொடலாமா என்று ஒரு சந்தேகம். கையைக் கழுவினேன். கை மட்டும் போதுமா, தொழுகைக்குக் கைகால் முகம் கழுவுகிற மாதிரி ஒளுவே செய்துவிடலாமா என்று இன்னொரு சந்தேகம். ஒளு செய்து முடித்து வருவதற்குள் பூனை இறாலை முடித்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த ஏடுகளால் முதல் பயன் அடைந்தது அந்தப் பூனைதான்.

எதிர்வீட்டு சம்சு மாமி என்னையும் மிஞ்சிவிட்டார். குர்ஆனை விரித்து வைத்து ஓதுகிற ரேஹல் பலகையில் போனை ஏற்றி வைத்துவிட்டார். ஹாங்காங்கிலிருந்து மகன் கூப்பிட்டால்கூட முக்காட்டை இழுத்துவிட்டு, பிஸ்மி சொல்லித்தான் எடுத்தார்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன் என்று மதரஸாப் பிள்ளைகள் விரல் மடக்கிச் சொல்லும் வேதங்கள் போக, இப்ராஹீம் நபிக்கும் ஏடுகள் இறங்கின. ‘சுஹுபு’ என்பார்கள். அவற்றில் இன்னது இருந்தது என்று குர்ஆனில் ஒன்றிரண்டு இடங்களில் வருகிறதே தவிர, ஏடுகள் இல்லை. இருந்தன என்று நம்ப வேண்டும். எங்கே என்று தேட வேண்டியதில்லை. எங்கள் காயல்பட்டினம் பல நூறு வருஷமாக அப்படித்தான் நிம்மதியாக இருந்தது.

நிம்மதியைக் கெடுத்தது ‘மீட்பான்’ என்கிற இயந்திரம். அது எங்கோ தூரத்து ஊரில் இருந்தது. அதை இயக்குகிறவர்களில் ஒருத்தியான முஃபீதா மட்டும் எங்கள் முடுக்கில் இருந்தாள். முடுக்கு என்றால் வீடுகளின் பின்புறம் பெண்கள் போய்வருகிற ஒடுங்கிய சந்து. ஊரில் எது நடந்தாலும் முன்வாசலில் நடக்கும். என்ன நடந்தது என்பது முடுக்கில்தான் முடிவாகும். முஃபீதாவின் அடுப்படி ஜன்னலும் என் அடுப்படி ஜன்னலும் முடுக்குக்குக் குறுக்கே பார்த்துக்கொள்ளும். நான் ஒட்டுக்கேட்கிற ஆளில்லை. காதுக்கு மூடி வைத்துப் படைக்கவில்லை, அவ்வளவுதான்.

“தொலைஞ்ச ஏட்ட இயந்திரம் எப்படிளா படிக்கும்?” என்று ஒருநாள் ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

“படிக்காது ராத்தா. ஊகிக்கும்.” அவள் கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள். “கல்யாண வீட்ல ஒரு சஹன்ல மூணு பேரு சாப்ட்டு எந்திரிச்சிட்டாஹ. நீங்க வெறும் தட்டத்தான் பாக்குறிய. என்ன சோறு, என்ன கறின்னு சொல்லிருவியள்ல?”

“உப்பு கூடுனதையும் சேத்துச் சொல்லுவேன்.”

“அதேதான். ஒரு வேதம் தொலைஞ்சாலும் அதக் கேட்டவஹ பேச்சுல, பாட்டுல, சண்டையில எல்லாம் ஒட்டிக்கிட்டிருக்கும். உலகத்துல உள்ள அத்தன பேச்சையும் இது தின்னு வச்சிருக்கு. இப்பவும் தின்னுக்கிட்டேதான் இருக்கு. வாயில ஒட்டியிருக்கிறத வச்சு, தட்டுல என்ன இருந்திருக்கும்னு சொல்லுது.”

“தப்பாச் சொன்னா?”

“அதுக்குத்தான் நிறம். நிச்சயமா இருந்தா கறுப்பா அச்சடிக்கும். நிச்சயம் கொறையக் கொறைய சாம்பலா மங்கிரும். ஒண்ணுமே தெரியலன்னா வெள்ளையா விட்ரும்.”

“அப்ப ஒனக்கு அதுல என்ன வேலை?”

“வெள்ளையா விட்ட எடத்துல நான் ஒரு சொல்லப் போட்டுப் பாக்கணும். பொருந்துமான்னு அது நிறுத்துப் பாத்து நிறம் கொடுக்கும்.”

வேதத்தில் கோடிட்ட இடத்தை நிரப்புகிற வேலை. அதற்கென்று ஒரு படிப்பும் படித்திருந்தாள்.

எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் கலீல் ஆலிம்சா ஜும்ஆப் பிரசங்கத்தில் தெளிவாகத்தான் சொன்னார்: இதை உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள். தெளிவாகச் சொன்னால் எங்களுக்குப் போதாது. “அப்ப ஒளு வேணுமா, வேண்டாமான்னு கேட்டு வாங்க” என்று சம்சு மாமி ஆள் அனுப்பினார். ஒளு எப்போதும் நல்லதுதான் என்று பதில் வந்தது. ஆலிம்சாவுக்கும் ஊரில் இருந்தாக வேண்டுமே.

இதெல்லாம் சிரித்துப் பேசின காலம். ஸாலிஹ் விஷயத்துக்கு வருகிறேன்.

ஸாலிஹ் முஃபீதாவின் மாப்பிள்ளை, அதாவது புருஷன். கடலில் குளிக்கப் போனவனை அலை இழுத்துப் போனது. பாய்ந்து பிடித்தவர்கள் மூச்சை மட்டும்தான் மீட்டு வந்தார்கள். அந்த மூச்சையும் ஒரு மெஷின்தான் விட்டது. ஆஸ்பத்திரியில் இனி செய்ய ஒன்றுமில்லை என்று, மெஷினோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நடு அறையில் கட்டில். உஸ் என்று ஏறும், புஸ் என்று இறங்கும். முடுக்கில் நடந்தால் கேட்கும்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து இருப்பார். மாப்பிள்ளையின் உம்மாவும் பின்னாலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மருமகள் வீட்டில் தங்குவது ஊர் காணாதது. ஸாலிஹின் உம்மா மீரா நாச்சி வந்தார். முஃபீதாவுக்கு உம்மாவும் இல்லை, வாப்பாவும் இல்லை. அவள் வாசலைத் திறந்துவிட்டாள். வந்த நாளிலிருந்து மீரா நாச்சி தன் இடது கையை மகனின் நெஞ்சில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலது கையால் சாப்பிடுவார், தஸ்பீஹ் மணி உருட்டுவார். தொழ எழுந்தால் முஃபீதா வந்து கையை வைக்க வேண்டும். காவல்காரர்கள் முறை மாற்றுவது போல நடக்கும்.

டாக்டர் வந்தார். “மூளையில ஒண்ணும் இல்லம்மா. ஒடம்பும் இனி தாங்காது.”

“கழுத்துல கத்தி வச்ச பொறவுதானே ஆடு வந்துச்சு” என்றார் மீரா நாச்சி. “முன்னாடியே வரலியே.”

டாக்டர் நாகர்கோவில்காரர், கிறிஸ்தவர். இப்ராஹீம் நபி மகனைப் பலி கொடுக்க மலைக்குக் கூட்டிப்போன கதை அவருக்கும் தெரியும் போல. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

ஆடு வரவில்லை. ஸாலிஹின் கால்விரல்கள் கறுத்தன. முதுகில் புண் வைத்தது. முஃபீதா பகலெல்லாம் மீட்பானோடு வேலை செய்தாள். வேலைக்கு நடுவே எழுந்து எழுந்து போய்ப் புண்ணைக் கழுவினாள். ஊதுபத்தி வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை முடுக்கில் வந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. சின்ன வயசு, அவளுக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா, அவள்தான் மெஷினை நிறுத்தச் சொல்கிறாளாம் என்று ஊர் பேசியது. ஊர் பேசியதைச் சொல்கிறேன், நான் பேசியதைச் சொல்லவில்லை.

என்னிடம் அவள் சொன்னது ஒன்றுதான். “அவஹளுக்கு வலிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு ராத்தா. கழுவும்போது எனக்கு வலிக்குது.”

கடைசியில் ஆலிம்சாவை அழைத்து வந்தார்கள். நானும் கஞ்சி கொண்டுபோனேன். அந்த நேரத்தில் கஞ்சி தேவைப்படும் என்று எனக்குத் தோன்றியது.

“ஹயாத்து முடிஞ்ச ஒடம்ப மெஷின்ல வச்சிருக்கணும்னு மார்க்கத்துல இல்லம்மா” என்றார் ஆலிம்சா. “எடுத்தா குத்தமில்ல.”

“குத்தமா இல்லியான்னு நான் கேக்கல ஆலிம்சா.” மீரா நாச்சி கையை எடுக்காமலே பேசினார். “வாப்பாவுக்குக் கனவு வந்துச்சு. மகனுக்குப் பொறுமை வந்துச்சு. ரெண்டு பேரும் மலைக்குப் போயிட்டாஹ. வீட்ல இருந்த உம்மாவுக்கு என்ன வந்துச்சு?”

ஆலிம்சா சொன்னார்: “ஷைத்தான் வந்து ஹாஜரம்மா மனசக் கலைக்கப் பாத்தான், அவஹ அசையலன்னு ஒரு பேச்சு இருக்கு.”

“ஷைத்தான் வந்தான். ரப்புகிட்டேர்ந்து ஒரு சொல்லும் வரலியா?”

“வந்திருந்தா, அது நமக்கு வந்து சேரலம்மா.”

“அப்ப அது தொலைஞ்ச ஏட்டுல இருக்கும்” என்றார் மீரா நாச்சி.

எவ்வளவோ கிதாபு ஓதிய மனுஷர். கஞ்சியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்.

அன்றிலிருந்து முஃபீதாவுக்கு வீட்டுக்குள்ளேயே இன்னொரு அதிகாரி வந்துவிட்டார். “ஒன் மெஷின்ட்ட கேளும்மா. புள்ளைய மலைக்கு அனுப்புன உம்மாவுக்கு என்ன சொன்னான்னு கேளு.” அவள் முதலில் மறுத்தாள். பிறகு கேட்டாள். காகிதம் வெள்ளையாக வந்தது. மீரா நாச்சி அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

“பின்பக்கம் இருக்கா?”

“இல்ல மாமி.”

“இன்னொருக்கா போடு.”

வெள்ளை. மறுநாளும் போடச் சொன்னார். வெள்ளை. காகிதங்கள் கட்டிலுக்கடியில் சேர்ந்தன. வெறும் காகிதம்தான், ஆனாலும் அதன் மேல் கால் படாமல் சுற்றி நடந்தார்கள். ஒருநாள் மீரா நாச்சி மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்குத் தெரியும்ளா, இவன் வரமாட்டான். எனக்குப் பைத்தியமில்ல. ஆனா சொல்லு வராம என் கை எழும்ப மாட்டேங்குது. எடுன்னு ஒரு சொல்லு. இல்ல, வச்சுக்கோன்னு ஒரு சொல்லு. நான் அவன் முதுகுல புழு வைக்கிறதையும் பாத்துக்கிட்டு இப்படியே உக்காந்திருக்கணுமா?”

அன்று அஸர் தொழுகை முடித்துவிட்டு நானும் அங்கே போயிருந்தேன். முஃபீதா உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு தாள். கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள்.

மீரா நாச்சிக்குக் கண்ணில் எதுவும் படவில்லை. “பல்கீஸு, இதுல என்னமோ இருக்கிற மாதிரி இருக்கு. பாரேன்.”

நான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். சாம்பல் தொட்டுத் துடைத்துவிட்ட மாதிரி ஒரு வரி. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

“தாயே, கையை எடு. கீழே என் கை இருக்கிறது.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். தாளை வாங்கி முத்தமிட்டு இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

“ரொம்ப மங்கலா இருக்கு மாமி” என்றாள் முஃபீதா, சுவரைப் பார்த்தபடியே. “இருந்திருக்காதுன்னுதான் அதுக்கு அர்த்தம்.”

“உம்மாவுக்குச் சொன்னது ரகசியமாத்தான் சொல்லியிருப்பான்” என்றார் மீரா நாச்சி. “ரகசியம் பளிச்சுன்னா இருக்கும்?”

அந்த வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தார். யாசீன் ஓதினோம். மீரா நாச்சி கையை எடுத்தார். மெஷினை நிறுத்தினார்கள். எங்கள் முடுக்கு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஜன்னல்கள்கூடத் திறந்தன.

முஃபீதா இத்தாவில் உட்கார்ந்தாள். புருஷன் மௌத்தான பெண் உள் அறையோடு இருக்கிற காலம். போன் வேண்டாம், வேலை வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். இத்தாவில் இருக்கிற பெண்ணிடம் ஊர்க்கதை கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் ஒழுக்கம். என் வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான் ஒழுக்கமாக இருந்தேன். பலனைப் பாருங்கள்.

வெளியே கதை நடந்துகொண்டிருந்தது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மீரா நாச்சி அந்த வரியைச் சொன்னார். வந்தவர்கள் முடுக்கில் சொன்னார்கள். நானும் நாலு பேரிடம் சொன்னேன். நாலுக்கு மேல் இருக்காது, மிஞ்சினால் ஒரு தெரு. பெண்கள் மதரஸாவில் அதைப் பைத்தாகக் கட்டிப் பாடினார்கள். சம்சு மாமி ஹாங்காங்குக்கு அனுப்பினார். ஹாங்காங்கிலிருந்து ஜித்தா, ஜித்தாவிலிருந்து எங்கெங்கோ. எந்தெந்த மொழியிலோ பயான் என்று பிரசங்கம் செய்தார்கள். ஆலிம்சா மட்டும் பழைய பாட்டையே பாடினார்: உண்மை என்றும் சொல்லாதீர்கள், பொய் என்றும் சொல்லாதீர்கள். அவரை இப்போது யார் கேட்கிறார்கள்? பிள்ளையைப் பறிகொடுத்த உம்மாமார் அழுதுகொண்டே அந்த வரியைச் சொல்லும்போது, நடுவில் போய் இரண்டும் சொல்லாதே என்றால் எடுபடுமா?

இத்தா முடிந்த பிறகு ஒருநாள் முஃபீதா முடுக்கு வழியாக என் அடுப்படிக்கு வந்தாள். கையில் தாள்.

அதே வரி. கன்னங்கரேல் என்று இருந்தது.

“கறுப்பா வந்திருச்சே” என்றேன். “நல்லதுதானேளா.”

“அது நான் எழுதுனது ராத்தா.”

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

“எத்தன தடவ போட்டாலும் வெள்ளையாத்தான் வந்துச்சு. அன்னிக்கு நான்தான் அந்தச் சொல்லப் போட்டேன். நிறுத்துப் பாத்துட்டு, இருக்கவே முடியாதுன்னு அப்படி மங்கலா விட்டுச்சு. நான் உள்ள இருந்த நேரத்துல ஊரெல்லாம் பேசி, பாடி, பயான் பண்ணி, அத்தனையும் அது தின்னுருக்கு. இத்தன வாயில ஒட்டியிருந்தா தட்டுல இருந்திருக்கணும்ல. கறுப்பாக்கிருச்சு.”

“அழிச்சிரு.”

“கம்பெனிக்கு எழுதிட்டேன். ஆதாரம் கேக்குறாஹ. நான் ஒருத்தி இல்லங்கிறேன், லட்சம் பேரு ஆமாங்கிறாஹ. அது யார நம்பும்?” அம்மியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். “தன் கையால எழுதி, இது அல்லாஹ்கிட்டேர்ந்து வந்ததுன்னு சொல்றவஹளுக்குக் கேடுன்னு ஓதியிருக்கோம்ல. நான் வாயால சொல்லல. அச்சடிச்சுக் கையில கொடுத்தேன். அது சொன்னதுதானே ராத்தா?”

எனக்குத் தெரிந்ததெல்லாம் யார் வீட்டில் யார் வந்தார்கள் என்பதுதான். இதற்கு என்ன சொல்வேன்? “மாமி இப்பத்தான் தூங்குறாஹ. பேசாம விட்ரு” என்றேன்.

“மாமியோட போச்சுன்னா விட்ருவேன். நரகத்துக்குக்கூட நான் போயிக்கிறேன்.” அம்மியிலிருந்து எழுந்தாள். “கீழக்கரையிலேர்ந்து ஒருத்தவஹ வந்து உக்காந்திருக்காஹ. மக, எங்கவஹ படுத்திருந்த மாதிரியே படுத்திருக்காளாம். ஆனா அந்தப் புள்ள முழிச்சிரும், கொஞ்சம் பொறுங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காராம் ராத்தா. இவஹளுக்குத்தான் பொறுக்க முடியல. கைய எப்படி எடுக்கிறதுன்னு மாமிட்ட கேக்க வந்திருக்காஹ.”

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளோடு போனேன்.

கட்டில் இருந்த இடத்தில் பாய் விரித்திருந்தது. கீழக்கரைப் பெண்ணுக்கு நளீமா என்று பெயர். நாற்பது வயசுக்குள்தான் இருக்கும். பல நாள் தூங்காத கண். மீரா நாச்சியின் முன்னால் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

முஃபீதா நின்றபடியே சொன்னாள். “மாமி, அந்த வரிய நான்தான் எழுதினேன். இவஹகிட்ட அதச் சொல்லாதீங்க. இவஹ மக பொழச்சிருவா.”

மீரா நாச்சி கோபப்படவில்லை. தாளை வாங்கி, நளீமாவுக்குத் தெரிகிற மாதிரி பிடித்தார். “நீ எழுதுனா இப்படிக் கறுப்பா வருமாளா?”

“ஊரு பேசினதால வந்துச்சு. நான் போடுறதுக்கு முன்னாடி வெள்ளை மாமி. அல்லாஹ் மேல ஆணையா வெறும் வெள்ளை.”

“நீங்க சொல்லுங்க” என்று நளீமா என் பக்கம் திரும்பினாள். “நீங்கதானாமே மொதல்ல வாசிச்சது.”

ஊரில் யார் எதைக் கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். உண்மையையே சொன்னேன். “ரொம்ப மங்கலா இருந்துச்சும்மா. கண்ணுக்கே தெரியல. மருமவ சொல்றதுதான் மெய்.”

“மங்கலா இருந்தாலும் இருந்துச்சுல்ல” என்றாள் நளீமா. “அப்பவே இருந்திருக்கு.”

முஃபீதா மாமியாரின் காலடியில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். “மாமி, ஒங்களுக்குத் தெரியும். எத்தன வெள்ளத் தாளு பாத்திய. சொல்லுங்க மாமி.”

மீரா நாச்சியின் முகத்தில் ஏதோ ஒன்று ஏறி வந்தது. வாய் கோணியது. அவர் குனிந்து, முஃபீதாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார். எனக்கும் கேட்டது.

“வெள்ளைன்னா, நான் எந்தச் சொல்லுக்குளா என் புள்ள மேலேர்ந்து கைய எடுத்தேன்?”

முஃபீதா அவர் முழங்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

மீரா நாச்சி நிமிர்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். தன் முழங்காலிலிருந்து மருமகளின் விரல்களை மெதுவாக விடுவித்தார்.

“மருமவ” என்றார் நளீமாவிடம். “எம் மவன் போனதிலேர்ந்து இப்படித்தான் பேசிக்கிட்டிருக்கா. நீ மனசுல வச்சுக்காதம்மா. கையக் கொண்டா.”

நளீமா நீட்டினாள். மீரா நாச்சி அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்து, மேலே தன் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“மொதல்ல சுண்டுவிரல எடு” என்றார். “அப்புறம் ஒண்ணொண்ணா. சட்டுன்னு எடுத்தா தாங்காது.”